நகர்சேவக் நமக்கு என்ன செய்வார்? மும்பை மாநகராட்சித் தேர்தல் பற்றித் தாராவியில் என்னிடம் கேட்ட கேள்விகள்

2026 ஜனவரி 15, தைப்பொங்கல். நாலு வருஷம் தள்ளிப்போன மாநகராட்சித் தேர்தலும் அன்றைக்குத்தான். காலையில் சந்துக்குள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைத்திருந்தார்கள். பூத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் சால் குடியிருப்புக்காரர்கள் போட்ட மேசையில் நான் உட்கார்ந்து, வாக்காளர் பட்டியலில் பெயர் தேடிச் சிட்டி (வாக்காளர் சீட்டு) எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கட்சி மேசை இல்லை. அதனாலேயோ என்னவோ, பெயர் தேட வந்தவர்கள் மனசில் கிடந்ததையெல்லாம் கேட்டார்கள். அன்றும் அதற்குப் பிறகும் கேட்டவற்றில் சிலவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது எம்எல்ஏ எலக்‌ஷனா, எம்பி எலக்‌ஷனா? போன வருஷம்தானே போட்டோம்?

இரண்டும் இல்லை. நாடாளுமன்றத்துக்கு 2024 மே மாதமும், சட்டமன்றத்துக்கு அதே வருஷம் நவம்பரிலும் போட்டோம். இது பிஎம்சிக்கு, அதாவது மாநகராட்சிக்கு. நடத்துவதும் வேறு ஆள்: டெல்லியில் இருக்கும் தேர்தல் ஆணையம் அல்ல, மகாராஷ்டிர மாநிலத் தேர்தல் ஆணையம். விதிகள் அங்கங்கே மாறுவதற்குக் காரணம் அதுதான்.

எங்க வார்டு "ஜி நார்த்"னு தண்ணி பில்லுல இருக்கு. சிட்டில வேற நம்பர் போட்டிருக்கே?

மும்பையில் வார்டு என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஜி வடக்கு, எஃப் வடக்கு, டி (T) என்று எழுத்தில் வருவது நிர்வாக வார்டு. அங்கே ஒரு வார்டு ஆபீஸ், ஓர் உதவி ஆணையர், தண்ணீர், குப்பை, கட்டடம் என்று பிரிவுகள் இருக்கும். தாராவி, மாஹிம், தாதர் எல்லாம் ஜி வடக்கு. மாட்டுங்கா, சயான், அண்டாப்ஹில் எஃப் வடக்கு. முலுண்ட் டி. எண்ணில் வருவது தேர்தல் வார்டு, மொத்தம் 227. ஒரு வார்டுக்கு ஒரு நகர்சேவக், அதாவது மாநகராட்சி உறுப்பினர். தாராவி சட்டமன்றத் தொகுதிக்குள் 183 முதல் 189 வரை ஏழு வார்டுகள். புகார் கொடுக்கப் போனால் எழுத்து, ஓட்டுப் போடப் போனால் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் பேரு லிஸ்ட்ல இல்லவே இல்லையே அண்ணாச்சி. போன தடவை போட்டேனே?

பாதிப் பேருக்கு இருக்கிறது. தேடத் தெரியாததுதான் சிக்கல். அன்றைக்கு என் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போனது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பட்டியல் மராத்தியில் இருக்கும். மராத்தி முறைப்படி குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் அடுத்து, அப்பா அல்லது கணவர் பெயர் கடைசியில். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். படிவம் எழுதிக் கொடுத்தவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருப்பார். செல்லையா மகன் முருகன் பட்டியலில் "செல்லையா முருகன்" ஆகியிருப்பார். முருகன் என்று தேடினால் எப்படிக் கிடைப்பார்? கல்யாணமாகி வந்த பெண்களுக்கு இன்னும் மோசம்: ஒரு அட்டையில் அப்பா பெயர், இன்னொன்றில் கணவர் பெயர்.

அடுத்தது எழுத்து. நம் ழகரத்துக்கு மராத்தியில் சரியான எழுத்து இல்லை. தமிழ்ச்செல்வி "தமில்" ஆவார், சில இடங்களில் "தமிஸ்" என்றும் பார்த்தேன். கனிமொழியின் கதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதனால் பெயரை வைத்துத் தேடாதீர்கள். வாக்காளர் அட்டையில் உள்ள எண்ணைப் போட்டுத் தேடுங்கள், ஒரு நொடியில் வந்துவிடும். அட்டை தொலைந்துவிட்டதென்றால் அதே வீட்டில் இருக்கும் இன்னொருவரின் எண்ணைப் போட்டு, அந்தப் பக்கத்திலேயே முன்னும் பின்னும் பாருங்கள்.

அதற்கும் கிடைக்காவிட்டால், பெயர் நிஜமாகவே இல்லை. தேர்தலன்று யாரும் சேர்க்க முடியாது. இந்தத் தேர்தலுக்கு 2025 ஜூலை 1 அன்று இருந்த சட்டமன்றப் பட்டியலைத்தான் எடுத்து வார்டு வாரியாகப் பிரித்தார்கள். ஜூலை 1க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு 18 வயது நிறைந்திருந்தும் ஓட்டு இல்லை. ஒரு தம்பி புதுச் சட்டை போட்டுக்கொண்டு முதல் ஓட்டுக்கு வந்தான். அக்டோபரில் பெயர் சேர்த்தவன். அவன் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பேருக்கு எதிர்ல ரெண்டு நட்சத்திரம் போட்டிருக்கு. என்னைக் கள்ள ஓட்டுன்னு சொல்றாங்களா?

இல்லை, பயப்பட வேண்டாம். மும்பை வரைவுப் பட்டியலில் சுமார் 11 லட்சம் பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வந்திருப்பதாகக் கண்டார்கள். அப்படிச் சந்தேகப்பட்ட பெயர்களுக்கு அடையாளம் போட்டு, எந்தப் பூத்தில் ஓட்டுப் போடுவீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். ஒரே பெயரில் இரண்டு ஆள் இருந்தாலும் நட்சத்திரம் விழும். தாராவியில் எத்தனை மாரியம்மாள், எத்தனை இசக்கிமுத்து!

ஊர்லயும் ஓட்டு இருக்கு, இங்கயும் இருக்கு. ரெண்டையும் வச்சுக்கலாமா?

கூடாது. சட்டம் தெளிவாக இருக்கிறது: ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்க வேண்டும். தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. ஆனாலும் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் ஒரு ஓட்டு, தாராவியில் ஒன்று என்று வைத்திருந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லை. ஊரில் ஓட்டு இருந்தால் ஊரில் நாம் இருக்கிறோம் என்று ஒரு நினைப்பு, அவ்வளவுதான்.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தத் தொடங்கினார்கள். டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. ஊரில் பூட்டிய வீடு என்று எழுதிவிட்டுப் போனதில் நம் ஆட்கள் பெயரும் போனது. ஒரு பாட்டி கேட்டார், "அப்போ நான் எந்த ஊரு?" என்ன பதில் சொல்வது? ஆண்டில் பதினோரு மாதம் எங்கே தூங்குகிறீர்களோ அங்கே ஓட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஊர்க் கோயில் கொடை வரியை யாரும் வாக்காளர் பட்டியலைப் பார்த்து வாங்குவதில்லை.

கல்யாண்ல இருக்கிற மச்சான் நாலு ஓட்டுப் போட்டேங்கிறான். எனக்கு ஏன் ஒண்ணு?

மும்பையில் ஒரு வார்டுக்கு ஓர் உறுப்பினர். தானே, நவி மும்பை, கல்யாண்–டோம்பிவிலி போன்ற மற்ற மாநகராட்சிகளில் பிரபாக் முறை: பெரிய வட்டம், பெரும்பாலும் நாலு இடம், இடத்துக்கு ஒரு பொத்தான். மச்சான் பொய் சொல்லவில்லை.

பொத்தானை அமுக்கினா சீட்டு வரலையே?

வராது. சட்டமன்றத் தேர்தலில் கண்ணாடிக்குள் தெரியும் விவிபாட் சீட்டு இந்த உள்ளாட்சித் தேர்தலில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. கேட்டவர்களில் பாதிப் பேர் "அப்போ என் ஓட்டு விழுந்துச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டே போனார்கள். மை விவகாரமும் சேர்ந்துகொண்டது: மார்க்கர் பேனாவால் விரலில் வைத்த மை அழிகிறது என்று அன்று முழுக்க வீடியோ சுற்றியது.

நோட்டா உண்டு. மகாராஷ்டிராவில் அதற்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு: உள்ளாட்சித் தேர்தலில் நோட்டா எல்லோரையும் விட அதிக ஓட்டு வாங்கினால் மறுதேர்தல் நடத்த வேண்டும் என்று 2018இல் மாநில ஆணையம் உத்தரவு போட்டது.

யார் யாரோட கூட்டு? ரெண்டு சேனை, ரெண்டு என்சிபி, தலை சுத்துது.

எனக்கும் சுற்றியது. மேசையில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டியே வைத்திருந்தேன். பாஜகவும் ஏக்நாத் ஷிண்டேயின் சிவசேனாவும் ஒரு பக்கம். உத்தவ் தாக்கரேயின் சேனாவும் அவருடைய சித்தப்பா மகன் ராஜ் தாக்கரேயின் மகாராஷ்டிர நவநிர்மாண் சேனாவும் (எம்என்எஸ்) இன்னொரு பக்கம். அண்ணன் தம்பி இருபது வருஷத்துக்கு மேலான பகையை மறந்து 2025 டிசம்பர் 24 அன்று கைகோத்தார்கள்; சரத் பவாரின் தேசியவாத காங்கிரஸும் (என்சிபி) கூடவே. சட்டமன்றத்துக்கு உத்தவுடன் நின்ற காங்கிரஸ், இங்கே பிரகாஷ் அம்பேத்கரின் வஞ்சித் பகுஜன் அகாடியுடன் தனியே நின்றது. அரசில் பாஜகவோடு இருந்த அஜித் பவாரின் என்சிபி இங்கே தனியாக நின்றது. மேலே நண்பன், கீழே எதிரி. ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தல் பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை.

முடிவு மறுநாள் வந்தது. பாஜக 89, உத்தவ் சேனா 65, ஷிண்டே சேனா 29, காங்கிரஸ் 24, ஒவைசியின் மஜ்லிஸ் 8, எம்என்எஸ் 6, அஜித் பவார் என்சிபி 3, சமாஜ்வாதி 2, சரத் பவார் என்சிபி 1. பெரும்பான்மைக்கு 114 வேண்டும். 89ம் 29ம் 118. 1997 முதல் மாநகராட்சியைக் கையில் வைத்திருந்த தாக்கரே குடும்பத்தின் சேனை அப்படித்தான் அதை இழந்தது. முடிவு வந்த கையோடு ஷிண்டே தன் 29 பேரையும் பாந்த்ராவில் ஐந்து நட்சத்திர ஓட்டலில் கொண்டுபோய் வைத்தார். கூவத்தூர் நினைவுக்கு வராத தமிழன் உண்டா?

ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்குச் சுமார் 53 பேர். 2017இல் 55க்குச் சற்று மேல் இருந்தது.

மேயர்னா முதலமைச்சர் மாதிரிதானே? அவர் சொன்னா நடக்கும்ல?

இதுதான் எல்லோரும் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பது. மேயரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 227 பேர் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவி இரண்டரை வருஷம். கூட்டம் நடத்துவார், விருந்தினரை வரவேற்பார், மழைக்காலத்தில் நாலா (சாக்கடைக் கால்வாய்) பார்க்கப் போவார், படம் எடுப்பார்கள். 1888ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாக அதிகாரம் ஆணையர் கையில். ஆணையர் மாநில அரசு நியமிக்கும் ஐஏஎஸ் அதிகாரி. அவருக்கு முதலாளி மந்த்ராலயா (மாநிலத் தலைமைச் செயலகம்), நாம் அல்ல.

அப்படியானால் நகர்சேவக் எதற்கு? பணத்துக்கு. 2025–26 பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். கோவா மாதிரி ஒரு மாநிலத்தின் பட்ஜெட்டை விடப் பெரியது. இந்தப் பணத்தில் பெரிய டெண்டர் எதுவானாலும் நிலைக்குழுவின் ஒப்புதல் வேண்டும். அதில் உட்காருபவர்கள் நகர்சேவக்குகள். அதனால்தான் மேயர் பதவியை விட நிலைக்குழுத் தலைவர் பதவிக்குக் கட்சிகள் அதிகம் அடித்துக்கொள்கின்றன. கல்விக்குழு, பெஸ்ட் பஸ் குழு என்று வேறு குழுக்களும் உண்டு.

நம் சந்தின் கணக்கில் பார்த்தால் இன்னும் எளிது. சண்டாஸ் (கழிப்பறை) கதவு உடைந்திருக்கிறது, தெரு விளக்கு இல்லை, குழாயில் சாக்கடை கலந்து வருகிறது. வார்டு ஆபீசில் நீங்கள் போய் நின்றால் நாளைக்கு வா என்பார்கள். நகர்சேவக் போன் அடித்தால் இன்றைக்கு ஆள் வரும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அந்தப் பூசாரியிடம் நமக்காகப் பேசப் போகிற ஆள் அவர். அவ்வளவுதான், அதற்கு மேலும் இல்லை. ஆனால் அவ்வளவும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நாலு வருஷம் பார்த்தோம்.

நாலு வருஷமா ஏன் நடத்தல?

2017 பிப்ரவரியில் தேர்ந்தெடுத்தவர்களின் காலம் 2022 மார்ச் 7இல் முடிந்தது. அதற்குள் பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீடு வழக்கில் சிக்கியது. வார்டை 227லிருந்து 236 ஆக்கினார் அப்போது முதலமைச்சராக இருந்த உத்தவ். ஆட்சி மாறியதும் ஷிண்டே மறுபடி 227 ஆக்கினார். அதற்கும் வழக்கு. கடைசியில் 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தலை நடத்தியே ஆக வேண்டும் என்றது. பிறகு 2026 ஜனவரி 31 வரை தவணை கொடுத்தது. இடைப்பட்ட காலம் முழுக்க ஆணையரே நிர்வாகி. பட்ஜெட் போடுவதும் அவர், அதற்கு ஒப்புதல் தருவதும் அவர்.

எங்கள் சந்தில் அந்தக் காலத்தில் ஒரு பொதுக் கழிப்பறை எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை. பழைய நகர்சேவக்கிடம் போனால், "நான் இப்போ மாஜி, என் பேச்சை எவன் கேக்கிறான்" என்றார். அவர் சொன்னதும் நிஜம்தான்.

நம்ம ஆளு நிக்கலாமா?

நிற்கலாம், நின்றிருக்கிறார்கள், ஜெயித்தும் இருக்கிறார்கள். சயான் கோலிவாடா எம்எல்ஏ தமிழ்ச்செல்வன் நகர்சேவக்காக இருந்துவிட்டுப் போனவர்தான். 2014, 2019, 2024 என்று மூன்று முறை பாஜக சார்பில் ஜெயித்திருக்கிறார். 21 வயது, மும்பைப் பட்டியலில் பெயர் இரண்டும் வேண்டும். விதிக்கப்பட்ட தேதிக்குப் பிறகு மூன்றாவது குழந்தை பிறந்திருந்தால் நிற்க முடியாது. 227இல் பாதிக்கு மேல், 114 இடம், பெண்களுக்கு. நகர்சேவிகாவின் கணவர் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துக்கு மட்டும் மனைவியைக் கூப்பிடும் வழக்கம் இங்கும் உண்டு. அப்படி நடந்தால் "நான் அக்காவிடம்தான் பேசணும்" என்று சொல்லுங்கள். ரெண்டு தடவை சொன்னால் அக்கா வெளியே வருவார்.

இட ஒதுக்கீட்டில்தான் நமக்கு ஒரு முள். 15 வார்டுகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை; தாராவியிலும் அப்படி வார்டுகள் உண்டு. தாராவித் தமிழரில் பெரும்பகுதி தோல் பதனிடும் தொழிலுக்கும் துப்புரவு வேலைக்கும் நெல்லைச் சீமையிலிருந்து வந்த ஆதிதிராவிட மக்கள். ஆனால் ஊரில் வாங்கிய சாதிச் சான்று இங்கே செல்லாது. 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே குடும்பம் இந்த மண்ணில் இருந்ததற்கு ஆவணம் காட்டினால்தான் மகாராஷ்டிரச் சான்று கிடைக்கும். ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதி அந்தஸ்து இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று உச்ச நீதிமன்றம் 1990லேயே சொல்லிவிட்டது. தாத்தா வந்தது 1940களில்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காகிதம்? வெள்ளத்தில் போனது, குடிசை எரிந்தபோது போனது. தாத்தா படித்த பள்ளிக்கூடத்தின் பதிவேடு, பழைய வாடகை ரசீது, மில் அல்லது ரயில்வே வேலைச் சீட்டு, இவற்றில் ஒன்று யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால் தயவுசெய்து லாமினேட் பண்ணாமல் பத்திரமாக வையுங்கள். அடுத்த தேர்தலுக்குச் சாதிச் சரிபார்ப்பு இப்போதே தொடங்கினால்தான் முடியும்.

அண்ணாமலை வந்து பேசினதும் பழைய லுங்கிப் பேச்சு மறுபடி வந்துச்சே. நமக்குப் பயமா?

நடந்தது இதுதான். பிரச்சாரத்துக்கு வந்த பாஜகவின் அண்ணாமலை, பம்பாய் மகாராஷ்டிர நகரம் மட்டுமல்ல, சர்வதேச நகரம் என்ற பொருளில் பேசினார். ராஜ் தாக்கரே சிவாஜி பார்க் கூட்டத்தில் அவரை ரசமலாய் என்று கேலி செய்து, அறுபதுகளின் "லுங்கியை விரட்டு" முழக்கத்தை நினைவுபடுத்தினார். 1966இல் சேனை தொடங்கிய காலத்தில் ஓட்டலும் ஆபீஸ் வேலையும் தென்னிந்தியர் கையில் இருக்கிறது என்று கிளப்பிய முழக்கம் அது. என் அப்பா அந்த நாட்களில் வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேன்ட்டில் வேலைக்குப் போவாராம்.

இந்த முறை எங்கள் சந்தில் ஒரு கல்கூட விழவில்லை. பக்கத்து வீட்டு மராத்தி ஆத்யா (அத்தை) எப்போதும்போல சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொண்டு எள்ளுருண்டை கொடுத்தார். இரண்டு தலைவர்களும் தங்கள் தங்கள் ஓட்டுக்காகப் பேசிவிட்டுப் போனார்கள். இடையில் நம்மை ஏன் இழுத்தார்கள் என்பதுதான் என் வருத்தம். ரசமலாய் நன்றாகத்தான் இருக்கும், அது வேறு விஷயம்.

நகர்சேவக்கிட்ட சொன்னா புது வீடு கிடைக்குமா?

கிடைக்காது. "வீடு வாங்கித் தர்றேன்" என்று ஓட்டுக் கேட்டவர் யாராக இருந்தாலும் தன் கையில் இல்லாததை விற்றிருக்கிறார். தாராவி மறுசீரமைப்பு மாநில அரசின் திட்டம். அதானி குழுமத்துக்கு 80 சதவீதமும் அரசுக்கு 20 சதவீதமும் பங்குள்ள கம்பெனி செய்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். 2000க்கும் 2011க்கும் இடையில் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மேல்மாடிக்காரர்களுக்கு வெளியே, வாடகை வழியில் சொந்தமாக்கும் முறை. தகுதிப் பட்டியல் போடுவது திட்ட அலுவலகம், பிஎம்சி அல்ல.

அதற்காக நகர்சேவக்குக்குச் சம்பந்தமே இல்லை என்று விட்டுவிடவும் முடியாது. வீடு கட்டக் கொடுக்கும் இடங்களில் தேவனார் குப்பைமேடும் ஒன்று. அந்தக் குப்பையை அள்ளிச் சுத்தம் செய்யும் செலவு மாநகராட்சி தலையில். அந்த டெண்டர் பற்றிச் சபையில் கேள்வி கேட்கலாம். கேட்கச் சொல்லுங்கள்.

தமிழ்ப் பள்ளிக்கூடம்?

மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழ் அதில் ஒன்று. பிள்ளைகள் குறைந்தால் வகுப்பை மூடுவார்கள். நாமே ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நகர்சேவக்கைத் திட்டிப் பயனில்லை.

ஜெயிச்சவர் கட்சி மாறினா?

உள்ளாட்சிக்கும் கட்சித் தாவல் தடைச் சட்டம் உண்டு. தனி ஆளாகத் தாவினால் பதவி போகும். கூட்டமாகப் போனால் கதை வேறு: 2017இல் எம்என்எஸ் ஜெயித்தது ஏழு பேர், அதே அக்டோபரில் ஆறு பேர் சேனாவுக்குப் போனார்கள். ஏழாவது ஆள் மட்டும் மிச்சம்.

எல்லாம் சரி. நேத்து ராத்திரி நாலா அடைச்சு வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு. இப்போ யாரைக் கூப்பிட?

முதலில் 1916. எந்த நேரமும் எடுப்பார்கள். புகார் எண் கொடுப்பார்கள். அதைக் காலண்டரில் தேதியோடு எழுதி வையுங்கள். இரண்டு நாளில் ஆள் வராவிட்டால் ஜி வடக்கு ஆபீசில் சாக்கடைப் பிரிவுக்கு ஒரு மனு. மராத்தியில் எழுதுங்கள், தெரியாவிட்டால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். நகலில் முத்திரை வாங்காமல் வராதீர்கள். அந்தப் புகார் எண்ணையும் முத்திரைக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் நகர்சேவக் ஆபீசுக்குப் போங்கள். வெறுங்கையோடு போனால் "பார்க்கிறேன்" என்பார். காகிதத்தோடு போனால் போனை எடுப்பார். தனியாகப் போகாதீர்கள், சந்தில் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆண்கள் போனால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.